ஈரல் நோயுற்ற பூனையும் உணவூட்டும் குழாயும்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்கு மிருக வைத்தியர் பதில்

கேள்வி (உவர்மலை): வீடு மாறியதிலிருந்து எங்கள் பூனை ஐந்து நாட்களாக எதையும் உண்ணவில்லை, கண்ணும் காதின் உட்புறமும் மஞ்சளாகிவிட்டன. ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பதால் கழுத்து வழியே உணவூட்டும் குழாய் வைக்க வேண்டுமென்கிறார்கள். வாயில்லாச் சீவனை இப்படி வதைக்கத்தான் வேண்டுமா, டொக்டர்?

பதில்: அது வதையன்று, அம்மா, இந்நோய்க்கு உணவே முதன்மையான மருந்து. பூனை பட்டினி கிடக்கும்போது உடற்கொழுப்புக் கரைந்து ஈரலை வந்தடைகிறது; அதை மீண்டும் வெளியே அனுப்பப் புரதம் தேவைப்படுவதாலும், உண்ணாத பூனையிடம் அப்புரதம் இல்லாததாலும், கொழுப்பு அங்கேயே தேங்கி ஈரலின் வேலையை முடக்குகிறது. பருத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். வாயைப் பிடித்துத் திணித்தால் போதிய அளவு உள்ளே போகாது என்பதோடு, உணவைக் கண்டாலே அது வெறுக்கத் தொடங்கும். குழாயை மயக்க மருந்து கொடுத்தே வைப்பார்கள். அது இருக்கும்போதே பூனை தானாக உண்ணவும் முடியும். அங்கே வசதி இல்லையெனில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் பெற்று உடனே புறப்படுங்கள். அதன் உயிருக்கு ஒவ்வொரு நாள் தாமதமும் பகை.

கேள்வி (கிண்ணியா): நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு எவ்வளவு கொடுப்பது? பட்டினி கிடந்ததை ஈடுசெய்ய முதல் நாளே வயிறு நிறையக் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அதன் நாளாந்தத் தேவை ஏறத்தாழ 200 கிலோகலோரி. முதல் நாள் அதில் கால் பங்கை மட்டும் கொடுத்து, மூன்று நான்கு நாட்களில் முழு அளவுக்கு உயர்த்துங்கள். ஒரு மில்லிலீற்றரில் ஒரு கிலோகலோரி உள்ள கலவையானால், முதல் நாளைக்கு 50 மில்லிலீற்றரை ஆறு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு எட்டு மில்லிலீற்றர்தான் வரும். திடீரென அதிகம் கொடுத்தால் இரத்தத்திலுள்ள பொஸ்பேற்றும் பொற்றாசியமும் உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டு அபாயமாகக் குறையும். தலை தொங்குவதும் தசை தளர்வதும் அதன் அறிகுறிகள். ஆகவே முதல் நாட்களில் இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். உணவை உடற்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குக் குறையாமல் மெல்லச் செலுத்துங்கள். வாந்தி எடுத்தால் நிறுத்தி, அடுத்த வேளையின் அளவையும் வேகத்தையும் குறைத்து, வைத்தியரிடம் குமட்டலுக்கு மருந்து கேளுங்கள்.

கேள்வி (நிலாவெளி): மீன் அவித்த தண்ணீரோ சோற்றுக் கஞ்சியோ போதாதா?

பதில்: போதாது. கஞ்சியில் மாச்சத்தே மிகுதி. மீன் தண்ணீரில் புரதம் மிகச் சொற்பம். நோயுற்ற பூனைகளுக்கென்றே விற்கப்படும், புரதம் மிகுந்த மென்மையான ரின் உணவே பொருத்தமானது. வெங்காயம், உள்ளி சேர்ந்த எதையும் கொடுக்காதீர்கள்.

கேள்வி (சாம்பல்தீவு): செங்கண்மாரிக்கு நாங்கள் குடிக்கும் கீழ்க்காய்நெல்லிச் சாற்றைக் கொடுக்கலாமா? காய்ச்சலுக்குப் பனடோல்?

பதில்: பனடோல் பூனைக்கு நஞ்சு, ஒரு வில்லை கூட உயிரைப் பறிக்கும். கீழ்க்காய்நெல்லி உங்கள் நம்பிக்கையென்பதை மதிக்கிறேன். ஆயினும் சாற்றுக்காகக் காத்திருக்கும் நாட்களில் பூனை பட்டினி கிடக்கக் கூடாது. வைத்தியர் சொல்லாத எதையும் குழாயில் ஊற்ற வேண்டாம்.

கேள்வி (உப்புவெளி): குழாய் அடைத்துக்கொண்டது. புண்ணை எப்படிப் பராமரிப்பது?

பதில்: வெதுவெதுப்பான நீரைச் சிரிஞ்சில் எடுத்து, பலாத்காரமின்றி உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் பாருங்கள், முடியாவிடில் வைத்தியரிடம் செல்லுங்கள். இனி ஒவ்வொரு வேளையும் உணவுக்கு முன்னும் பின்னும் ஐந்து முதல் பத்து மில்லிலீற்றர் நீர் செலுத்துவதை வழக்கமாக்குங்கள். முன்னே விடும் நீருக்குப் பூனை இருமினாலோ, வாந்தியோடு குழாயின் நுனி வாய்ப்பக்கம் வந்திருந்தாலோ, உணவைத் தொடவே வேண்டாம். அது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். கழுத்துத் துணியை நாள்தோறும் அவிழ்த்துப் பாருங்கள். நம் வெக்கைக்கு ஈரம் தங்கிப் புண் சீக்கிரம் பழுக்கும். வீக்கம், சீழ், துர்நாற்றம் கண்டால் அன்றே காட்டுங்கள்.

கேள்வி (மூதூர்): குழாயை எப்போது எடுப்பார்கள்?

பதில்: பல பூனைகளுக்கு மூன்று முதல் ஆறு வாரங்கள் தேவைப்படும். குழாயின் உதவியில்லாமல் ஒரு வாரமளவில் தானாகவே போதுமான அளவு உண்டு, எடை குறையாமல் இருந்தால் எடுக்கலாம். தையலை வெட்டி இழுத்தாலே போதும். துவாரம் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும்.