பில் இல்லாத விண்டோஸ், பூட்டிக்கொண்ட டேலி: கடைக்காரர்களின் கேள்விகள்

கேள்வி: ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறேன். கடையில் நான்கு கம்ப்யூட்டர். “விண்டோஸ் 10 காலாவதி ஆகிவிட்டது, நான்கையும் மாற்றியே ஆகணும்” என்று சர்வீஸ் செய்பவர் ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். நான்கும் நன்றாகத்தான் ஓடுகின்றன. மாற்ற வேண்டுமா?

பதில்: அவர் சொன்னதில் பாதி உண்மை, பாதி வியாபாரம். விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் மெஷின் ஓடாமல் போகாது. ஆனால் அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் தானாக அடைபடாது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் பரவியபோது சிக்கியவற்றில் பெரும்பாலானவை அப்டேட் போடாத விண்டோஸ் 7 மெஷின்கள். அந்த ஓட்டைக்கான அப்டேட் இரண்டு மாதம் முன்பு, மார்ச்சிலேயே வந்திருந்தது. ஆகவே அலட்சியமாக இருக்கவும் முடியாது.

ஆனால் நான்கையும் தூக்கிப் போடுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் என்ன புராசஸர் என்று பாருங்கள். ‘திஸ் பிசி’யில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால் தெரியும். ஐ3-8100, ஐ5-10400 என்பதுபோல, கோட்டுக்கு அடுத்த எண் 8 அல்லது அதற்கு மேற்பட்ட தலைமுறையைக் காட்டினால், பொதுவாக விண்டோஸ் 11-க்கு இலவசமாகவே மாறலாம். ஐ3-4130 போல 4-இல் தொடங்கினால் வழியில்லை. மைக்ரோசாஃப்ட் தரும் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற சின்ன புரோகிராமும் இதையே சொல்லும். அது “டிபிஎம் (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு சிப்) இல்லை” என்று சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். பல போர்டுகளில் டிபிஎம் இருக்கும், மெஷின் ஆன் ஆகும்போது திறக்கும் பயோஸ் செட்டிங்கில் ஆஃப் ஆகிக் கிடக்கும். அதை ஆன் செய்ய ஐந்து நிமிடம் போதும். கொட்டேஷனில் அது இருக்காது.

ஆகாத மெஷின்களுக்கு இரண்டு யோசனை. ஒன்று, 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் தரும் நீட்டிப்புத் திட்டம். அது தனிநபர் கணினிகளுக்கானது, தள்ளிப்போடத்தான் உதவும். அலுவலகங்களுக்கான நீட்டிப்பு தனி, அதற்குக் காசு கட்ட வேண்டும். இரண்டாவது, பார்கோடு லேபிள் அடிக்க மட்டும் ஒரு மெஷின் இருந்தால் அதன் நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபையையும் அணைத்துவிடுங்கள். கண்ட பென்டிரைவைச் செருகாதவரை அது பாட்டுக்கு ஓடும். “பழைய மெஷினிலேயே குறுக்கு வழியில் 11 ஏற்றித் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் வேண்டாம். அப்படி ஏற்றியவற்றுக்கு அப்டேட் வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை.

கேள்வி: திருநெல்வேலியில் ஹார்டுவேர் கடை. புது டெஸ்க்டாப் வாங்கினேன். “விண்டோஸ், ஆபீஸ், டேலி எல்லாம் ஏற்றித் தர 500 ரூபாய்” என்றார்கள். ஒரிஜினல் என்றால் பல ஆயிரம் ஆகுமாம். எங்கள் பஜாரில் எல்லோரும் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். என்ன கெட்டுப்போகும்?

பதில்: அந்த 500 ரூபாய் வேலையை அருகில் உட்கார்ந்து கவனித்திருக்கிறீர்களா? முதலில் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அணைப்பார்கள். பிறகு பென்டிரைவில் இருக்கும் லைசென்ஸ் இல்லாமலே மென்பொருளை ஓடவைக்கும் ஒரு ‘ஆக்டிவேட்டர்’ கோப்பை அட்மின் உரிமையோடு ஓட்டுவார்கள். அந்தக் கோப்பு இருக்கும் ஃபோல்டரை இனிமேல் ஸ்கேன் செய்யாதே என்று ஒரு விதிவிலக்கும் போட்டுவிடுவார்கள். உங்கள் கணக்கு வழக்கு முழுக்க இருக்கப்போகும் மெஷினில், யார் எழுதியது என்றே தெரியாத ஒன்றுக்கு வீட்டுச் சாவியைக் கொடுத்து, காவல்காரனையும் லீவில் அனுப்பிய கதை இது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ‘ஸ்டாப்’ என்ற ரேன்சம்வேர் குடும்பம் இப்படிப்பட்ட கிராக் கோப்புகள் வழியாகத்தான் ஏராளமான கணினிகளுக்குள் புகுந்தது.

சட்டமும் இருக்கிறது. திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63-பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபாரத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால்தான் சிறையைத் தவிர்க்கும் சலுகை உண்டு. கடைக்காரருக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

செலவைக் குறைக்க நேர்வழியே இருக்கிறது. பில்லும் கடிதமும் அடிக்க லிப்ரே ஆபீஸ் போதும். அது முழுக்க இலவசம், கடையில் பயன்படுத்தவும் தடையில்லை. கணக்குக்கு டேலிதான் வேண்டும் என்றால் ஒரே ஒரு மெஷினுக்கான லைசென்ஸிலிருந்து தொடங்குங்கள். 18 சதவீத ஜிஎஸ்டியோடு பில் வாங்கினால், நீங்கள் காம்பவுண்டிங்கில் (சிறு வியாபாரிகளுக்கான காம்பசிஷன் திட்டத்தில்) இல்லாதபட்சத்தில், அந்த வரியை இன்புட்டாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். ‘மொத்தச் செலவு எவ்வளவு’ என்று கேட்பவர்கள் இதைக் கழிக்க மறந்துவிடுகிறார்கள். ஆன்லைனில் முந்நூறு, நானூறு ரூபாய்க்கு விற்கிற விண்டோஸ் கீயும் (லைசென்ஸ் எண்ணும்) அந்த 500 ரூபாய் வேலை ரகம்தான். பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்த கீயைப் பலருக்குப் பிரித்து விற்பது அதிகம். இன்று ஏற்கும், ஒரு நாள் முடக்கப்படும். அன்றைக்கு விற்றவரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

கேள்வி: திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் டேலி திறக்கவில்லை. எல்லா கோப்புகளின் பெயருக்கும் பின்னால் ஏதோ எழுத்துகள். டெஸ்க்டாப்பில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம், பிட்காயினில் பணம் கேட்கிறது. பேக்கப்பை டி டிரைவிலும், எப்போதும் செருகியே இருக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் வைத்திருந்தோம். இரண்டுமே போய்விட்டன. வீட்டிலிருந்து டேலி பார்க்க ரூட்டரில் ஏதோ செட்டிங் செய்து கொடுத்திருந்தார்கள். ஒரு டேட்டா ரெகவரிக்காரர் “கியாரண்டியாக மீட்டுத் தருகிறேன், இரண்டு லட்சம்” என்கிறார்.

பதில்: முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஃபார்மேட் செய்ய வேண்டாம். எல்லா மெஷின்களின் நெட் கேபிளையும் கழற்றுங்கள். அந்தக் கடிதத்தையும், பெயர் மாறிய கோப்புகள் தெரியும் திரையையும் செல்போனில் படம் எடுங்கள். பூட்டப்பட்ட டிஸ்க்கைக் கழற்றி அப்படியே வைத்துவிட்டு, புது டிஸ்க் போட்டு வேலையைத் தொடங்குங்கள். இன்று திறக்க முடியாதது நாளைக்குத் திறக்கலாம். ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீஸும் வைரஸ் தடுப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-இல் தொடங்கிய ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில், பூட்டப்பட்ட கோப்பு ஒன்றையும் அந்தக் கடிதத்தையும் ஏற்றினால், இது எந்த வகை, இலவசச் சாவி இருக்கிறதா என்று சொல்லும். எல்லாவற்றுக்கும் இருக்காது. ஆனாலும் இரண்டு லட்சம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் அது. கூடவே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்தோ, தேசிய சைபர் கிரைம் தளத்திலோ புகாரைப் பதிந்துவிடுங்கள். ஜிஎஸ்டி, வருமான வரி அதிகாரி கேட்கும்போது அந்தப் புகார் எண் உதவும்.

அந்த ‘கியாரண்டி’ விஷயம். இந்த வகைப் பூட்டைச் சாவி இல்லாமல் உடைக்க முடியாது. அப்படியிருக்க, ஒருவர் எந்தச் சோதனையும் செய்யாமல் கியாரண்டி தருகிறார் என்றால், அவர் பின்வாசல் வழியாகப் பூட்டியவனோடு பேரம் பேசி, மேலே தன் கமிஷனை வைக்கிறாரோ என்று சந்தேகப்படுங்கள். வெளிநாடுகளில் இப்படிச் செய்த நிறுவனங்கள் அம்பலப்பட்டிருக்கின்றன. எந்த முறையில் மீட்கிறீர்கள், மீளாவிட்டால் பணம் திரும்பவா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

கணக்கைத் திரும்பக் கட்டுவது நினைப்பதைவிடச் சுலபம். ஆடிட்டர் ஆபீஸில் போன வருடத்து டேலி டேட்டா இருக்கும், முதலில் அதை வாங்குங்கள். இந்த வருடத்து விற்பனை பில்கள் நீங்கள் தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1-இல் இருக்கின்றன. வாங்கிய பில்கள் 2பி-யில் இருக்கின்றன. இரண்டையும் போர்ட்டலிலிருந்து எக்செல்லாக இறக்கலாம். வங்கி ஸ்டேட்மென்ட் எப்போதும் கிடைக்கும். மீதி இருப்பது ரொக்கமும், ஜாப் ஒர்க் சலானும், ஆள் கூலியும். அதற்கு நோட்டுப் புத்தகம் இருக்குமே! இதைச் செய்துதான் ஆக வேண்டும். ஓர் ஆண்டின் கணக்கை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் காப்பாற்றி வைக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம்.

இனி, எப்படி நுழைந்தார்கள்? வேறு வழியும் இருந்திருக்கலாம், ஆனால் என் முதல் சந்தேகம் அந்த ரூட்டர் செட்டிங் மேல்தான். வீட்டிலிருந்து டேலி பார்க்க ஸ்டேடிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கி, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 என்ற போர்ட்டை, அதாவது வாசலை, இணையத்துக்குத் திறந்துவிடுவது நம் ஊர் வழக்கம். அந்தப் போர்ட் எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று இரவு பகலாகத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் உலகம் முழுக்க ஓடுகின்றன. ‘டேலி’ என்ற யூசருக்கு ‘டேலி123’ பாஸ்வேர்டு என்றால் எத்தனை நேரம் தாங்கும்? போர்ட் எண்ணை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பதும் பலன் தராது. அதை மூடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால், விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை வழியாக மட்டும் உள்ளே வரும்படி அமைத்துத் தரக் கேளுங்கள்.

பேக்கப்புக்கு ஒரே விதி: கேபிளில் தொங்கிக்கொண்டிருப்பது பேக்கப் இல்லை. எக்ஸ்டர்னல் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். மேலே மார்க்கரால் ‘அ’, ‘ஆ’ என்று எழுதுங்கள். தினமும் மாலை கல்லா எண்ணும் நேரத்தில் ஒன்றைச் செருகி, டேலியில் ஆல்ட் ஒய் அழுத்தி பேக்கப் கொடுத்து, தேதி போட்ட ஃபோல்டரில் வைத்துக் கழற்றுங்கள். சனிக்கிழமை அந்த டிஸ்க் வீட்டுக்குப் போகட்டும், வீட்டில் இருப்பது கடைக்கு வரட்டும். மாதம் ஒருமுறை வேறொரு மெஷினில், புது ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து, ட்ரையல் பேலன்ஸ் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நடப்பு டேட்டா இருக்கும் அதே ஃபோல்டரில் ரீஸ்டோர் கொடுத்துவிடாதீர்கள், அன்றைய கணக்கின் மேலேயே பழையது ஏறிவிடும். கூகுள் டிரைவ் இருக்கிறதே என்பீர்கள். மெஷினோடு தானாக ஒத்திசையும்படி வைத்திருந்தால், பூட்டிய கோப்பும் ஒத்திசைந்து மேலே போய்விடும். பழைய பிரதியைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் மீட்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

கேள்வி: நாகர்கோவிலில் சின்ன மெடிக்கல் ஷாப். ஆன்டிவைரஸ் முதல் வருடம் 499 ரூபாய் என்று ஆன்லைனில் வாங்கினேன். இந்த வருடம் கேட்காமலே கார்டிலிருந்து 2,400 ரூபாய் போய்விட்டது. திரும்ப வாங்க முடியுமா? ஆன்டிவைரஸ் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வாங்கும்போது ‘ஆட்டோ ரினியூவல்’ டிக் விழுந்திருக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானாக எடுக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே கார்டு தந்த வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும், வேண்டாம் என்று மறுக்க வழியும் தர வேண்டும். எஸ்எம்எஸ், மெயில் இரண்டிலும் தேடுங்கள். வரவே இல்லை என்றால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். வந்திருந்தால் நிறுவனத்தின் ரீஃபண்ட் கெடுவைப் பார்த்து உடனே மெயில் போடுங்கள். பிறகு 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

“வியாபாரத்துக்கு வாங்கியதற்கு நுகர்வோர் ஆணையம் போக முடியாது” என்று யாராவது சொல்வார்கள். பொதுவிதி அதுதான். ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. நீங்களே நின்று நடத்தும் கடை என்றால் அதைச் சொல்லி வாதாடலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணமும் இல்லை.

இரண்டாவது கேள்விக்கு: விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை அணைக்காமல், அப்டேட்டோடு வைத்திருந்தால் ஒரு மெஷின் கடைக்குப் போதும் என்பது என் கருத்து. மிச்சமாகும் காசில் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். வாங்கித்தான் ஆவேன் என்றால் கடையில் டப்பாவாக, கார்டு விவரம் கொடுக்காமல் வாங்குங்கள். சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் எல்லாம் அப்படிக் கிடைக்கும். ஒரே மெஷினில் இரண்டு ஆன்டிவைரஸ் மட்டும் வேண்டாம்.

கேள்வி: கரூரில் இருக்கிறேன். நூல் சப்ளையரிடமிருந்து “வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்” என்று மெயில். அவர்கள் லெட்டர்ஹெட்தான், பழைய மெயிலுக்குப் பதிலாகவே வந்திருக்கிறது. நம்பலாமா?

பதில்: பணம் போடாதீர்கள். பழைய மெயில் தொடரிலேயே வந்தது என்பதுதான் அதிகப் பயம் தருவது. உங்களிருவரில் ஒருவர் மெயில் பெட்டிக்குள் வேறு யாரோ உட்கார்ந்திருக்கலாம். மெயிலில் உள்ள எண்ணுக்கு அல்ல, உங்கள் போனில் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் எண்ணுக்கு அழைத்து, வழக்கமாகப் பேசும் ஆளிடம் கேளுங்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் கணக்கு வைத்திருப்பவர் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் 2025 ஏப்ரல் முதல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, அதையும் பாருங்கள். பிறகு உங்கள் மெயில் செட்டிங்கில் ‘ஃபார்வர்டிங்’, ‘ஃபில்டர்’ இரண்டையும் திறந்து, நீங்கள் போடாத விதி எதுவும் இருக்கிறதா என்று தேடுங்கள். பாஸ்வேர்டை மாற்றிவிட்டு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் வங்கிக்கும் 1930-க்கும் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த முடிந்தால்தான் உண்டு.

கேள்வி: மதுரை. பில்லிங் சாஃப்ட்வேர் பையன், தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் எனிடெஸ்க் வழியாக வந்து சரிசெய்கிறார். நான் ஓகே கொடுக்காமலே உள்ளே வருகிறார். பரவாயில்லையா?

பதில்: நல்ல பையனாகவே இருக்கட்டும், ஆனால் அவர் வேலையை விட்டுப்போன பிறகும் அந்தப் பாஸ்வேர்டு இன்னொருவர் டைரியில் இருக்கும். எனிடெஸ்க் செட்டிங்கில் ‘அன்அட்டெண்டட் ஆக்சஸ்’ (நீங்கள் ஓகே தராமலே பாஸ்வேர்டால் நுழையும் வசதி) என்பதை அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நீங்கள் ‘அக்செப்ட்’ கொடுத்தால்தான் திறக்கும். அவர் உள்ளே இருக்கும் நேரத்தில் நெட் பேங்கிங் திறக்க வேண்டாம். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகியிருந்தால் முதலில் அதைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டுங்கள்.