ஜீன் நன்றாக இருந்தும் அது அடக்கப்பட்டால் புற்றுநோய் வளருமா?

வளரும். எங்கள் வீட்டிலேயே பார்த்ததால்தான் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

என் சித்தப்பா மகன் ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறான். மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி ஏறி இறங்குகிறவன், கையில் கீறல் இல்லாத நாளே கிடையாது, அதனால் முன்கையில் ஒரு சின்னக் கட்டி வந்து புண்ணாகி ஆறாமல் கிடந்தபோது முள் குத்தியிருக்கும் என்று நாங்களும் மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருந்தோம். அப்புறம் சேலத்துக்குக் கூட்டி வந்து பயாப்சி எடுத்தால், எபிதெலியாய்டு சார்கோமா என்ற அரிய மென்திசுப் புற்றுநோய். ரிப்போர்ட்டின் கடைசியில் ‘ஐஎன்ஐ1 புரதம் இல்லை’ என்று ஒரு வரி. விலங்கியல் படித்த எனக்கே அந்த வரி புரிய ஒரு வாரம் ஆனது.

ஒரு செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல், தார்க்குச்சியில் நூல் சுற்றுவது மாதிரி சுற்றிக் கிடக்கிறது. சுற்று இறுகிய இடத்தில் இருக்கும் ஜீனைச் செல்லால் படிக்க முடியாது. இறுக்கி வைப்பதில் பெரிய பங்கு பிஆர்சி2 என்ற புரதக் கூட்டணிக்கு. அதிலுள்ள இஇசட்எச்2 என்ற நொதி, எச்3 ஹிஸ்டோனின் 27ஆவது இடத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தில் மெதில் என்ற சின்ன வேதிக் குழுக்கள் மூன்றை ஒட்டுகிறது. ‘இந்த ஜீன் மூடியே இருக்கட்டும்’ என்பதற்கான முத்திரை அது. இது கெட்ட வேலை இல்லை, தோல் செல் தோலாகவே இருப்பதற்கு இந்த அடக்கம் வேண்டும். பழ ஈயில்தான் இதை முதலில் கவனித்தார்கள்: இந்த வகை ஜீன் ஒன்று கெட்டுப்போன ஆண் ஈக்கு, முன்னங்காலில் மட்டும் இருக்க வேண்டிய சீப்பு போன்ற முடி மற்றக் கால்களிலும் முளைத்தது. பிஆர்சி2வில் ‘பி’ குறிக்கும் பாலிகோம்ப் (பல சீப்பு) என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

சரி, எதிர்ப்பக்கமும் ஒரு கூட்டணி உண்டு. எஸ்டபிள்யூஐ எஸ்என்எஃப் என்பார்கள், சுற்றைத் தளர்த்தி ஜீனைத் திறந்துவிடும். ஐஎன்ஐ1 அதில் ஒரு உறுப்பு. அது போய்விட்டால் பிஆர்சி2வைத் தடுக்க ஆள் இல்லை. செல் பிரிவதற்குத் தடை போடும் பி16 போன்ற ஜீன்கள், ஒரு எழுத்துகூட மாறாமல், மூடிக் கிடக்கும். செல் பெருகிக்கொண்டே போகும்.

இஇசட்எச்2 அதிகமானால்தான் ஆபத்து என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபாலிகுலர் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் உள்ளவர்கள் சிலருக்கு அந்த நொதியே மாற்றமடைந்து அளவுக்கு மீறி முத்திரை குத்துகிறது, ஆனால் டி செல் என்ற வெள்ளணுக்களில் வரும் ரத்தப் புற்றுநோய் சிலவற்றில் பிஆர்சி2 பழுதாவதுதான் நோய்க்குத் துணை போகிறது. எந்தத் திசுவில் எந்த ஜீன் மூடுகிறது, எது திறக்கிறது என்பதைப் பொறுத்தது.

மூடியதைத் திறக்க முடியும் என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இஇசட்எச்2வைத் தடுக்கும் டாசிமெடோஸ்டாட் என்ற மாத்திரைக்கு 2020 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அறுவை சிகிச்சையால் முழுதாக அகற்ற முடியாத இதே சார்கோமாவுக்கு. சோதனையில் 62 பேரில் சுமார் 15 சதவீதம் பேருக்குத்தான் கட்டி கணிசமாகச் சுருங்கியது, அதனால் அதிசய மருந்து என்று சொல்ல மாட்டேன்.

தம்பிக்கு அது தேவைப்படவில்லை. பரவும் முன்பே கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்காக மலையிலிருந்து இறங்கி வருகிறான், போன மாத ஸ்கேனில் ஒன்றும் இல்லை.