கண்ணடியும் கல்லடியும்: வாகனக் கேள்வி-பதில்

கல் தெறித்துச் சாயம் பெயர்வது பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

டொயோட்டா ஜிஆர்86 ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஓராண்டு ஆகிறது. வாங்கும்போதே சாயத்தின் மேல் செராமிக் கோட்டிங் என்ற பூச்சைப் போட்டுக் கொடுத்தார்கள். 9எச் கடினம், கல்லுக்கும் அசையாது என்றார்கள். கோலாலம்பூருக்குச் சில தடவை போய்வந்ததில் பானட்டின் முன்விளிம்பில் புள்ளி புள்ளியாகச் சாயம் போயிருக்கிறது. பூச்சைச் சரியாகப் போடவில்லையா?
வாசகர், பொங்கோல்

பூச்சைச் சரியாகத்தான் போட்டிருப்பார்கள். சொன்னதுதான் சரியில்லை. 9எச் என்பது பென்சில் கடினச் சோதனையின் அளவு. 9எச் பென்சிலால் அழுத்திக் கோடிழுத்தாலும் கீறல் விழாது, அவ்வளவே. கல் வந்து மோதுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அளவுகளைப் பாருங்கள். தொழிற்சாலையில் அடித்த சாயம், அடிப்பூச்சு, நிறம், மேலே கிளியர்கோட் என்ற நிறமற்ற பூச்சு எல்லாம் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் தடிமன் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர்கோட் 40, 50 மைக்ரான். செராமிக் பூச்சு ஒன்றிரண்டு மைக்ரான்தான். கல்லின் வேகத்தை வாங்கிக்கொள்ள அமுங்கிக் கொடுக்கும் ஒரு படலம் வேண்டும். செராமிக் கெட்டியானது, மெல்லியது, அமுங்காது. தண்ணீர் ஒட்டாமல் உருள, அழுக்கு சுலபமாகக் கழுவிப்போக அது நல்ல பொருள். அந்த வேலைக்கு மட்டும் காசு கொடுங்கள்.

மலேசிய நெடுஞ்சாலையில் புள்ளிகள் கூடியதற்கும் காரணம் உண்டு. மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. நம் சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் அதிகபட்சம் மணிக்கு 90 கிலோமீட்டர், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110. வேக வித்தியாசம் 20 தான், ஆனால் அதே கல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பலமாக அடிக்கும். டிப்பர் லாரிக்கு நேர் பின்னால் போவதுதான் பெரிய ஆபத்து. இரட்டைச் சக்கரங்களின் இடையிலும் டயர்ப் பள்ளங்களிலும் சிக்கிய சரளை, வேகம் கூடும்போது கழன்று பின்னால் பறக்கும். ஆயர் ராஜா விரைவுச்சாலையில் துவாஸ் பக்கம் போகிறவர்கள் இதை அறிவார்கள். இடைவெளி விடுங்கள், அல்லது சட்டென்று தாண்டிப் போய்விடுங்கள். முன்கண்ணாடியில் தூறல் போல லாரியின் நீர்த்துளி படுகிறது என்றால், அதே தூரத்தில் கல்லும் வந்து சேரும்.

அப்படியானால் பிபிஎஃப், அதாவது சாயத்தைக் காக்கும் ஒட்டுப் படலம், ஒட்டலாம் என்றிருக்கிறேன். முன்பக்கம் மட்டும் போதுமா, முழுக் காருக்குமா? எந்த பிராண்ட் நல்லது? கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?
வாசகி, தெம்பனீஸ்

பிராண்டைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் பொருள். தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன், அதாவது டிபியூ, என்று எழுத்தில் இருக்க வேண்டும். மலிவு விலையில் வரும் பல படலங்கள் பிவிசி. டிபிஎச் என்று பெயர் மாற்றி விற்பதும் மென்மையாக்கிய பிவிசிதான். நம் வெயிலில் திறந்தவெளியில் நிறுத்தும் காரில் அது மஞ்சளித்து, விறைத்து, கழற்றும்போது துண்டு துண்டாக வரும். ஒரு மாதிரித் துண்டை வாங்கி இழுத்துப் பாருங்கள். டிபியூ ரப்பர் போல நீண்டு, விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பும். பிவிசி இழுத்த இடத்தில் வெளுத்து அப்படியே நிற்கும்.

தடிமன் 150 முதல் 200 மைக்ரான் வரை இருக்கும். கடையில் மில் கணக்கில் சொல்வார்கள். ஒரு மில் 25.4 மைக்ரான், ஆகவே 8 மில் என்றால் 200 சொச்சம். உங்கள் சாயம் மொத்தத்தையும் விடத் தடிமனான ஒரு தோல் மேலே ஏறுகிறது. கூரான பெரிய கல் இதையும் கிழிக்கும். அப்போது கிழிந்த பகுதிக்கு மட்டும் படலம் மாற்றினால் போதும், சாயம் தப்பித்துவிடும். மெல்லிய சுழல் கீறல்கள் வெயிலிலோ வெந்நீரிலோ தானாக மறைவது மேற்பூச்சின் குணம். ஆழமான வெட்டு மறையாது.

எவ்வளவு ஒட்டுவது? பம்பர், முழு பானட், முன் ஃபெண்டர்கள் (முன்சக்கரங்களின் மேலுள்ள தகடுகள்), பக்கக் கண்ணாடிகளின் முதுகு, ஹெட்லைட், முன்கண்ணாடியின் இரு தூண்கள், கூரையின் முன்விளிம்பு. இதைத்தான் முழு முன்பக்கம் என்பார்கள். பானட்டில் பாதி மட்டும் ஒட்டும் மலிவுத் திட்டம் வேண்டாம். நடுவில் ஓடும் கோட்டில் அழுக்கு சேரும், வெளிர் நிறக் காரில் தூரத்திலிருந்தே தெரியும். முழுக் காருக்கும் ஒட்டாமல் மிச்சப்படுத்திய பணத்தைப் பக்கச் சில்களுக்கும் (கதவுகளுக்கு அடியில் ஓடும் பகுதி) பின்சக்கர வளைவின் முன்பகுதிக்கும் செலவிடுங்கள். ஸ்போர்ட்ஸ் காரில் அங்கேதான் அடி அதிகம்: பின்பக்கம் அகன்றிருக்கும், முன்சக்கரம் வீசுகிற கல் நேராக அங்கே போய் விழும். போர்ஷே 911-இல் பின்சக்கரத்துக்கு முன்னால் தொழிற்சாலையிலேயே ஒரு துண்டுப் படலம் ஒட்டி அனுப்புவது இதற்காகத்தான். முழுக் காருக்கும் ஒட்டுவது கல்லுக்காக அல்ல, கீறலுக்காகவும் கண்ணுக்காகவும். கூரைக்கும் டிக்கிக்கும் கல் வருவது அபூர்வம்.

கடையில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: எங்கே வெட்டுவீர்கள்? கணினி அச்சில் முன்கூட்டியே வெட்டி வருவதில் காரின்மேல் கத்தி படாது, ஆனால் விளிம்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சாயம் திறந்தே இருக்கும். உருளையிலிருந்து பெரிதாக எடுத்து, காரின்மேல் வைத்து வெட்டி உள்ளே மடித்தால் விளிம்பே தெரியாது, ஆனால் கை கொஞ்சம் அழுத்தினால் கிளியர்கோட்டில் கோடு விழும். அந்தக் கோடு சில ஆண்டுகள் கழித்துப் படலத்தைக் கழற்றும்போதுதான் வெளிவரும். அதற்குள் உத்தரவாதமும் முடிந்திருக்கும். அச்சில் வெட்டி, விளிம்புகளை மட்டும் மடிக்க இடம் விட்டு ஒட்டுகிறவரைத் தேடுங்கள். அவர் இரண்டாண்டுக்கு முன் ஒட்டிய கார் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். நேற்று ஒட்டியது எல்லோருடையதும் அழகாகத்தான் இருக்கும்.

படலத்துக்குச் செலவிட்டது காரை விடும்போது திரும்பி வரும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்ஃப் கழிவு, அதாவது காரின் பதிவை நீக்கும்போது அரசு திருப்பித் தரும் தொகை, கூடுதல் பதிவுக் கட்டணத்தையும் காரின் வயதையும் பொறுத்தது. சாயத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை. படலத்தின் பயன், ஓடும் நிலையில் மறுவிற்பனை செய்யும்போது மட்டுமே.

படலம் ஒட்டி ஒரு வாரம். பானட்டில் சில கொப்புளங்கள், பம்பர் மூலையில் விளிம்பு லேசாகத் தூக்கியிருக்கிறது. ஊசியால் குத்தலாமா?
வாசகர், ஈசூன்

குத்த வேண்டாம். ஒட்டும்போது சில சொட்டு பேபி ஷாம்பு கலந்த தண்ணீர் தெளித்துத்தான் படலத்தை நகர்த்துவார்கள். அதில் மிஞ்சிய நீர், படலத்தின் வழியே மெல்ல ஆவியாக வேண்டும். ஓரிரு வாரம் ஆகும். மழைக்காலத்தில் இன்னும் நீளும். விரலால் அழுத்தினால் நகர்வது நீர், அதை விட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்தும் அதே இடத்தில் இருந்தால் காற்று. நடுவில் மண் துகள் தெரிந்தால் அது போகவே போகாது, கடையில் காட்டி அந்தப் பகுதியை மாற்றச் சொல்லுங்கள்.

விளிம்பு தூக்கினால் அன்றே கொண்டுபோங்கள். பசையில் தூசி ஏறாதவரை ஆல்கஹால் கலந்த நீரால் துடைத்து, சூடு காட்டி, மறுபடி அழுத்திவிடலாம். தூசி ஏறிவிட்டால் ஒட்டாது. சூப்பர் குளூ பக்கம் போகவே வேண்டாம், அது சாயத்தையும் சேர்த்து எடுத்துவரும்.

முதல் ஒரு வாரம் கார் கழுவ வேண்டாம். பிறகும் உயர் அழுத்த நீரை விளிம்புக்கு எதிராகப் பிடிக்காமல், ஒன்றிரண்டு அடி தள்ளி, நேராகப் பிடியுங்கள். மைனா எச்சத்தை அன்றன்றே ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுங்கள். வெயிலில் காய்ந்த எச்சம் படலத்திலும் கறை விடும்.

ஏற்கெனவே விழுந்த புள்ளிகளை நானே மூட நினைக்கிறேன். டச்-அப் பேனாவால் (புள்ளிகளை மூட விற்கும் சாயப் பேனா) வைத்தால் முகப்பரு போல மேடாக நிற்கிறது. முறை என்ன?
வாசகர், ஜூரோங் வெஸ்ட்

முதலில் எது அவசரம் என்று பிரியுங்கள். பிளாஸ்டிக் பம்பரில் விழுந்த புள்ளி அழகுப் பிரச்சினை மட்டும், எத்தனை நாளும் காத்திருக்கும். எஃகில் உலோகம் தெரிந்தால் கடற்கரைக் காற்றில் சில நாளிலேயே செம்பழுப்பு தட்டும், அதை முதலில் கவனியுங்கள். அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது என்பதால் பலர் அசட்டையாக விட்டுவிடுகிறார்கள். அதில் வெள்ளைப் பொடி படிந்து, சாயத்துக்கு அடியில் புழு போல ஊர்ந்து கொப்புளிக்கும். ஜிஆர்86, மாஸ்டா எம்எக்ஸ்-5 இரண்டிலும் பானட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியம். காந்தம் ஒட்டாது, சோதித்துப் பார்க்கலாம்.

நிறக் குறியீடு கதவுத் தூணில் அல்லது பானட்டின் அடியில் உள்ள ஒட்டுச்சீட்டில் இருக்கும். வெள்ளை என்று பொதுவாகக் கேட்டு வாங்காதீர்கள். முத்து வெள்ளை என்றால் அடிநிறம், முத்துப் பூச்சு என இரண்டு புட்டி வேண்டியிருக்கும்.

காரைக் கழுவி, புள்ளியை மெழுகு நீக்கியால் துடையுங்கள். மெழுகோ செராமிக்கோ மிஞ்சியிருந்தால் சாயம் பிடிக்காது. டார்ச் அடித்துப் பாருங்கள். சாம்பல் நிற அடிப்பூச்சு முழுசாக இருந்தால் நேரே நிறம் வைக்கலாம். உலோகம் மின்னினால் கண்ணாடி இழைப் பேனாவால் சுரண்டி, ஓரத்தில் உரிந்து நிற்பதையும் எடுத்துவிட்டு, எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சு ஒரு சொட்டு. அலுமினியத்தில் எஃகுக் கம்பளியைத் தொடாதீர்கள், அதன் துகள்கள் உள்ளே பதிந்து அரிப்பைத் தொடங்கிவைக்கும்.

மேடாக நிற்பதற்குக் காரணம் புட்டியோடு வரும் தூரிகை. அது புள்ளியைவிடப் பெரியது. பல்குத்தும் குச்சி அல்லது மிக நுண்ணிய ஓவியத் தூரிகையால், பள்ளத்தின் நடுவில் மட்டும் ஒரு சொட்டு வையுங்கள், தானே பரவும். கரைப்பான் ஆவியாகும்போது சொட்டு சுருங்கிக் குழியும். அரைமணி விட்டு அடுத்தது. மூன்று நான்கு முறையில் பள்ளம் கிட்டத்தட்ட நிரம்பும். சில மணி நேரம் கழித்துக் கிளியர்கோட், சுற்றியுள்ள மட்டத்துக்கு ஒரு மயிரிழை மேலாக. மழை பெய்து ஓய்ந்த புழுக்கத்தில் இதைச் செய்யாதீர்கள்: கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து, சாயம் பால் போல வெளுக்கும். வெயிலில் சுட்ட தகட்டிலும் வேண்டாம்.

ஒரு வாரம் காயவிட்டு, 2000 எண் நீர்த்தாளை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) சிறிய கெட்டிக் கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீரில் மேட்டை மட்டும் தேயுங்கள், பிறகு 3000, பிறகு பாலிஷ். உங்களிடம் இருப்பது 40, 50 மைக்ரான் கிளியர்கோட், ஆகவே பக்கத்தில் மங்கல் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். மெட்டாலிக் நிறத்தில் துகள்கள் வேறு திசையில் படுத்துவிடும், குனிந்து தேடினால் தெரியத்தான் செய்யும். பளபளப்பில்லாத மேட் சாயத்தில் தேய்க்கும் வேலையே கூடாது, அந்த இடம் மட்டும் பளபளத்துவிடும். மேட் கார் வாங்குகிறவர்கள் முதல் நாளே மேட் படலம் ஒட்டிவிடுவது உத்தமம்.

சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த பழைய கார். பம்பருக்கும் பானட்டுக்கும் மறுசாயம் அடித்திருக்கிறது. படலம் ஒட்டலாமா?
வாசகர், சிராங்கூன்

ஒட்டலாம், பிறகு எடுக்கும்போதுதான் சிக்கல். தொழிற்சாலைச் சாயம் அடுப்பில் சுட்டது, பசையோடு வராது. மறுசாயம் அடியில் சரியாகத் தேய்க்காமல் அடித்ததாக இருந்தால் உரிந்து வரும், அதற்கு எந்தக் கடையும் பொறுப்பேற்காது. தடிமன் மானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உலோகத் தகட்டில் 200 மைக்ரானுக்கு மேல் காட்டினால் மறுசாயம் என்று கொள்ளலாம். சாதாரண மானி பிளாஸ்டிக் பம்பரில் வேலை செய்யாது. புதிதாகச் சாயம் அடித்திருந்தால், ஒட்டுவதற்கு முன் ஒரு மாதமாவது காயவிடுங்கள்.

மலேசியாவின் சிப்பாங் கார்ப் பந்தய ஓடுகளத்துக்குப் போகிறோம். அன்று ஒருநாளுக்கு மட்டும் என்ன செய்யலாம்?
வாசகர், புக்கிட் பாத்தோக்

சாயக்காரர்கள் பயன்படுத்தும் நீல முகமூடி நாடா (மாஸ்கிங் டேப்) போதும். பானட்டின் முன்விளிம்பு, பம்பர், சில்கள், பின்சக்கர வளைவு. முன் காற்றுத் திறப்புகளை மூடிவிடாதீர்கள். பிடிமானம் கூடிய டயர்கள் சூடேறினால் கல்லையும் ரப்பர் துணுக்குகளையும் ஒட்டியெடுத்து வீசும். முன்னால் போகும் காரின் வீச்சைவிட, உங்கள் முன்சக்கரங்களின் வீச்சு சில்களுக்கு அதிகம். நாடாவை அன்றே, அங்கேயே உரித்துவிடுங்கள். ஒட்டியபடி ஓட்டிவந்து மறுநாள் வெயிலில் நிறுத்தினால் பசை மட்டும் தங்கும். ஏற்கெனவே படலம் ஒட்டியிருந்தால் நாடா தேவையில்லை. தோல்போன்ற துணியில் வரும் பானட் உறை எந்த நாளிலும் வேண்டாம்: உள்ளே மண் புகுந்து, காற்றில் படபடத்து, உறையே சாயத்தைத் தேய்த்துவிடும்.

கருமை நிறப் படலத்தை ஹெட்லைட்டிலும், வண்ணப் படலத்தைக் கார் முழுவதும் ஒட்டினால் சட்டச் சிக்கல் வருமா?
வாசகர், உட்லண்ட்ஸ்

ஹெட்லைட்டில் நிறமற்ற படலம் மட்டும் ஒட்டுங்கள். விளக்கைக் கருமையாக்குவதை நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதிப்பதில்லை. காரின் நிறம் மாறினால் பதிவிலும் மாற்ற வேண்டும். முன்கண்ணாடிக்கு ஒட்டும் கல்தடுப்புப் படலத்துக்கும் குறைந்தது 70 விழுக்காடு ஒளி ஊடுருவ வேண்டும் என்ற விதி பொருந்தும். கண்ணாடியில் ஏற்கெனவே நிறத்தாள் இருந்தால் இரண்டும் சேர்த்துத்தான் கணக்கு.

போர்ஷே 911-இன் முன் பம்பரில் பக்கத்துக்கு ஒன்றாக உள்ள திறப்புகளில் சருகும் கல்லும் நிறைந்து கிடக்கின்றன. விட்டுவிடலாமா?
வாசகர், புக்கிட் தீமா

விடாதீர்கள், சாயத்தைவிட அது விலை கூடியது. அங்கே ஏசி வாயுவைக் குளிர்விக்கும் கண்டென்சரும் அதன் பின்னால் ரேடியேட்டரும் இருக்கின்றன. கல் அலுமினிய இழைகளை மடக்கும். ஈரச் சருகு அடியில் மட்கிக் குழாயை அரிக்கும், பிறகு வாயு கசியும். போர்ஷேயின் பாக்ஸ்டர், கேமனிலும் இதே அமைப்புதான். பம்பரைக் கழற்றி, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே தங்கியதையும் எடுக்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து தூசி உறிஞ்சும் குழாய் வைத்தால் பாதிதான் வரும். பம்பர் கழன்றிருக்கும்போதே துருப்பிடிக்காத எஃகு வலையைத் திறப்பின் உட்புறம் பொருத்திவிடலாம், கூலி மிச்சம். கண்ணி மிக நுண்ணியதாக இருந்தால் காற்று தடைபடும், சில மில்லிமீட்டர் இடைவெளி உள்ள வலை சரி. அதற்குப் பிறகும் மாதம் ஒருமுறை வலையில் ஒட்டியதைக் கையால் எடுத்துவிடுங்கள்.