ஓலைக்கணக்கரைத் தூக்கில் போடலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

இணையத்தில் ஒரு மிகைபுனைவுத் தொடர் எழுதி வருகிறேன். கற்பனை நாடு. சிறகுள்ள யாளிகளில் வந்த வடக்குப் படை தலைநகரைப் பிடித்துவிடுகிறது. அரண்மனை ஓலைக்கணக்கர் மட்டும் ஓடாமல் தங்கி, புதிய ஆட்சியிலும் அதே வேலையைத் தொடர்கிறார். வாசகர்கள் அவரை எட்டப்பன் என்று திட்டித் தீர்க்கிறார்கள். சீக்கிரம் தூக்கில் போடச் சொல்கிறார்கள். அவர் கிளர்ச்சிக்காரர்களின் ஒற்றர் என்று கடைசி அத்தியாயத்தில் வெளிப்படுத்த நினைத்திருக்கிறேன். அது சரியாக வருமா? பொய் சொன்னால் கறுத்துப்போகும் மாய மோதிரம் ஒன்றும் கதையில் உண்டு. அதை எங்கே பயன்படுத்துவது?

ச.

அன்புள்ள ச.,

அனுப்பிய அத்தியாயங்களைப் படித்தேன். ஊர் விழுந்த இரவில் கணக்கரின் தாய் நகையை விட்டுவிட்டு உப்புப் பானையை மண்ணில் புதைக்கிறாளே, அந்த இடம் அருமை. அந்தக் கிழவியை எழுதத் தெரிந்தவருக்கு மற்றதும் வரும். அதனால்தான் கோபமும் வருகிறது. யாளியின் சிறகுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். கணக்கர் காலையில் உட்கார்ந்து என்ன எழுதுகிறார் என்பதற்கு ஒரு வரி கிடையாது. எதை எண்ணுகிறார்? நெல்லையா, மாட்டையா, ஆளையா? அதுகூடத் தெரியாமல் உங்கள் வாசகர்கள் எப்படித் தீர்ப்புச் சொன்னார்கள்? தூக்கு உங்கள் இஷ்டம். போடுவதானால் போடுங்கள்.

கொஞ்ச காலமாக நான் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே யாக்கோபுஸ் லென்ட்ஸ் என்று ஒரு அதிகாரி. மக்கள்தொகைப் பதிவேட்டுத் துறையின் தலைவர். போருக்கு முன்பே எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். குடிமக்களைக் குற்றவாளி மாதிரி நடத்துவது நம் வழக்கமில்லை என்று அவருடைய அரசாங்கமே மறுத்துவிட்டது. 1940 மே மாதம் ஜெர்மானியர்கள் வந்தார்கள். லென்ட்ஸின் ஆசை நிறைவேறியது. வாட்டர்மார்க் போட்ட தாள், புகைப்படம், விரல் ரேகை. ஜெர்மனியில் புழங்கிய அட்டையைவிட இதைப் போலியாகச் செய்வது கடினம். யூதர்களைத் தேடிப் பிடிக்க இந்தப் பதிவேடுகளும் அட்டைகளும் பெரிய வசதியாகப் போயின. நாட்டிலிருந்த சுமார் 1,40,000 யூதர்களில் 1,00,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். லென்ட்ஸ் நாஜிக் கட்சிக்காரர் இல்லை. வேலையைச் சுத்தமாகச் செய்தார், அவ்வளவுதான். போருக்குப் பின் அவருக்குக் கிடைத்தது 3 ஆண்டு சிறை.

நானும் பல வருடம் பேரேடுகளோடு கிடந்தவன். ஒரு கணக்கு பிழையில்லாமல் நேராகும்போது வருகிற சந்தோஷம் எனக்குத் தெரியும். லென்ட்ஸைப் படிக்கும்போது வெறுப்புக்கு முன்னால் 'இந்த ஆளைப் பார்த்திருக்கிறோமே' என்று தோன்றுகிறது. அதுதான் என்னைத் தூங்கவிடுவதில்லை.

அப்புறம், அந்தக் காகிதத்தை அழிக்க என்ன பாடு பட்டார்கள் பாருங்கள். 1943 மார்ச் 27 இரவு, ஆம்ஸ்டர்டாம் பதிவேட்டு அலுவலகத்துக்குப் போலீஸ் உடுப்பில் ஒரு குழு போனது. ஓவியர் வில்லெம் அரொன்டேயுஸ், சிற்பி ஹெரிட் வான் டெர் வேன் போன்றவர்கள் ஏற்பாடு செய்த வேலை. காவலாளிகளைக் கொல்லாமல் மயக்க ஊசி போட்டுக் கிடத்தினார்கள். நெருக்கி அடுக்கிய அட்டை லேசில் பற்றாது. அதனால் இழுப்பறைகளை உருவித் தரையில் கொட்டி, எரிபொருள் ஊற்றி, வெடி வைத்தார்கள். தீயணைப்புப் படை வந்தது. வந்தவர்கள் அவசரப்படவில்லை. பிறகு தேவைக்கு மேல் தண்ணீரைப் பாய்ச்சி, எரியாத அட்டைகளை ஊறப்போட்டார்கள். அவர்களும் அதே ஆட்சியில் சம்பளம் வாங்கியவர்கள்தான். உங்கள் வாசகர்கள் அவர்களையும் எட்டப்பன் கணக்கில் சேர்த்திருப்பார்கள். இத்தனை செய்தும் அழிந்தது லட்சக்கணக்கான அட்டைகளில் ஒரு பகுதிதான். குழுவில் 12 பேரை அந்த ஜூலையில் சுட்டுக் கொன்றார்கள்.

அடையாள அட்டைகளின் இன்னொரு பிரதி ஹேக் நகரில், கிளைகாம்ப் என்ற மாளிகையில் இருந்தது. கையில் இருக்கும் அட்டை போலியா என்று அங்கே ஒத்துப் பார்த்துவிடலாம். அதை அழிக்கும்படி எதிர்ப்பியக்கம் லண்டனுக்குச் சொல்லி அனுப்பியது. 1944 ஏப்ரல் 11 அன்று 6 பிரிட்டிஷ் விமானங்கள் தாழப் பறந்து வந்து குண்டு போட்டன. பட்டப்பகலில், அலுவலக நேரத்தில். அப்போதுதானே அலமாரிகள் திறந்திருக்கும், அட்டைகள் மேஜையில் கிடக்கும், நன்றாக எரியும்! ஏறக்குறைய 60 பேர் செத்தார்கள். பெரும்பாலும் அங்கே வேலை பார்த்தவர்கள். அவர்களில் லென்ட்ஸ் மாதிரி ஆள் யார், வேண்டுமென்றே அட்டையை வேறு இழுப்பறையில் செருகியவர் யார்? குண்டு விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. உங்கள் கணக்கரை அந்தக் கட்டடத்துக்குள் உட்கார வைத்துப் பாருங்கள்.

ஒற்றர் யோசனையை விட்டுவிடுங்கள். வாசகர்களுக்குப் பயந்து செய்கிற வேலை அது. 'நீங்கள் திட்டியது தப்பு, அவர் நல்லவர்தான்' என்று கையில் மிட்டாய் கொடுத்து அனுப்புகிறீர்கள். ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சின்னதாகக் கொடுங்கள். பிரான்ஸ் கரைக்குப் பக்கத்திலுள்ள, பிரிட்டிஷ் முடியாட்சிக்குட்பட்ட ஜெர்சித் தீவையும் ஜெர்மானியர்கள் 1940 முதல் 1945 வரை பிடித்து வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தாரைக் காட்டிக்கொடுத்து ஜெர்மன் அதிகாரிகளுக்குப் போன மொட்டைக் கடிதங்களைத் தபால் நிலைய ஊழியர்கள் ஆவியில் காட்டிப் பிரித்துப் படித்தார்கள். சிலதை அழித்தார்கள். சிலதை நிறுத்தி வைத்துச் சம்பந்தப்பட்ட வீட்டுக்குத் தகவல் சொன்னார்கள். மீதிக் கடிதங்களை ஒழுங்காகச் சேர்த்தார்கள். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அவர்கள் வேலையில் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. எல்லாக் கடிதத்தையும் அவர்களால் பிடிக்க முடிந்ததா, இல்லை. தப்பி வந்த ரஷ்யக் கைதியை வீட்டில் ஒளித்து வைத்திருந்த லூயிசா கூல்டைப் பக்கத்து வீட்டார் காட்டிக்கொடுத்தார்கள். அவர் ராவென்ஸ்புரூக் என்ற நாஜி வதைமுகாமில் இறந்தார்.

மோதிரத்தைக் கிணற்றில் போடுங்கள். யார் பொய் சொல்கிறார் என்று விரலைப் பார்த்தே தெரிந்துவிட்டால் அப்புறம் ஊரில் சந்தேகம் ஏது, உங்களுக்குக் கதை ஏது? அடுத்த அத்தியாயத்தில் கணக்கர் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை வேலை பார்க்கட்டும். எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன். அதில் யாளி மட்டும் பறக்கக் கூடாது.