பதில்: 'கொ' வந்தா ஆப்பை மூடிடுறான்
சகோ, தமிழ் எழுத்து கத்துக்க நீங்க செஞ்ச ஆப்ல உங்க அக்கா பையன் க, கா நல்லா படிக்கிறான், கொ வந்ததும் மூடிட்டு ஓடிடுறான்னு எழுதியிருந்தீங்க. நான் கடலூர், என் பொண்ணுக்கும் டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிக்க, எழுத சிரமப்படுற குறைபாடு), அவளும் இதே இடத்துல தான் அழுவா. கொம்பு முன்னாடி, கால் பின்னாடி நிக்குது, ஆனா சத்தம் க்-ல தான ஆரம்பிக்குது, கண்ணு முதல்ல கொம்பைப் பாக்குது காது க்-ஐ கேக்குது, குழந்தை என்ன பண்ணும்? 247 எழுத்தையும் வரிசையா திணிக்காதீங்க. முதல்ல க மட்டும் வரட்டும், அப்புறம் கொம்பும் காலும் ஒரே கலர்ல ரெண்டு பக்கமும் மெதுவா வந்து ஒட்டட்டும், உடனே கொய்யான்னு குரல் வரணும். டைமரையும் சிவப்பு இன்டூ மார்க்கையும் இன்னைக்கே தூக்கிடுங்க, ப்ளீஸ். எம்பொண்ணு எங்க ஊர் சில்வர் பீச் மணல்ல விரலால கொம்பு போட்டு போட்டு தான் பிடிச்சா, ஸ்கிரீன்லயும் அப்படி விரலால இழுத்து எழுத வைங்க.