கட்டிய பிறகும் முடங்கிய பணம், குடிக்காத பானத்துக்கு பில்

கேள்வி: எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்காக நானும் கணவரும் ஓர் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் இரண்டு இரவு தங்கினோம். வாடகை முழுவதையும் முன்பதிவின்போதே கட்டிவிட்டேன். இருந்தும் ரிசப்ஷனில் டெபிட் கார்டை வாங்கி இன்னொரு தொகை எடுத்தார்கள். வீடு திரும்பி எட்டு நாளாகியும் அது கணக்கில் வந்து சேரவில்லை. போதாக்குறைக்கு, மினிபாரில் (அறையில் பானங்கள் வைத்திருக்கும் குட்டி ஃபிரிட்ஜ்) நாங்கள் குடிக்கவே குடிக்காத இரண்டு பானத்துக்கும் பில் போட்டிருக்கிறார்கள். எங்கள் மருந்தை உள்ளே வைப்பதற்காக அந்த டின்களை எடுத்து மேசைமேல் வைத்திருந்தோம், அவ்வளவுதான். இதில் எதையாவது திரும்பப் பெற முடியுமா?

பதில்: இரண்டையுமே பெறலாம். முதலில் கார்டு விஷயம். வாடகை கட்டியாயிற்று என்றாலும், சாப்பாடு, சலவை, மினிபார், சேதம் என்று பின்னால் வரக்கூடிய செலவுக்கு ஈடாக ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பது பெரிய ஹோட்டல்களில் வழக்கம். இதை ‘ப்ரீ ஆதரைசேஷன்’ என்பார்கள். பணம் ஹோட்டலுக்குப் போவதில்லை. உங்கள் வங்கியிலேயே, நீங்கள் தொட முடியாதபடி முடங்கிக் கிடக்கும். கிரெடிட் கார்டாக இருந்தால் செலவு வரம்பு மட்டும் கொஞ்சம் குறையும். டெபிட் கார்டில் முடங்குவது உங்கள் சொந்தப் பணம். மாதக் கடைசியில் இப்படி நடந்தால் வீட்டுச் செலவே தடுமாறிவிடும். அதனால்தான் ஹோட்டலில் டெபிட் கார்டை நீட்டாதீர்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது செய்ய வேண்டியது: வங்கிக் கணக்கில் அந்தத் தொகை ‘நிலுவை’ என்று காட்டுகிறதா, முடிந்த பரிவர்த்தனையாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். நிலுவை என்றால் ஹோட்டலின் கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பிடிப்பை விடுவித்ததற்கான உறுதியையும், பிடிப்பு வைத்தபோது வங்கி தந்த அனுமதி எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். அந்த எண்ணோடு போனால் வங்கியில் வேலை சீக்கிரம் நடக்கும். முடிந்த பரிவர்த்தனை என்றால் அது பிடிப்பே இல்லை, வசூல். அதற்கு ஹோட்டல்தான் ரீஃபண்ட் போட வேண்டும். எட்டு நாள் என்பது எரிச்சலான காத்திருப்புதான், ஆனால் அசாதாரணம் இல்லை. ஹோட்டல் விடுவித்த பிறகும் வங்கி தன் பங்குக்குச் சில நாள் எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. ஒரு கார்டில் பிடிப்பு வைத்துவிட்டுக் கடைசி பில்லை வேறு கார்டிலோ ரொக்கமாகவோ கட்டினால், முதல் பிடிப்பு அப்படியே நிற்கலாம். ‘அதை இப்போதே விடுவியுங்கள்’ என்று கவுன்ட்டரிலேயே சொல்லிவிட வேண்டும்.

மினிபாருக்கு வருகிறேன். பல ஹோட்டல்களில் அந்தக் குட்டி ஃபிரிட்ஜின் தட்டுகளில் சென்சார் உண்டு. டின்னை எடுத்துச் சில விநாடிக்குள் திரும்ப வைக்காவிட்டால், குடித்ததாகக் கணக்கில் ஏறிவிடும். நீங்கள் திறக்காத டின்கள் அறையிலேயே இருந்திருக்கின்றன. துப்புரவுப் பணியாளர் அடுத்து இருப்பைச் சரிபார்த்தபோது அவை குறைந்திருக்காது. அறை எண், தேதி, பில் எண் குறிப்பிட்டு, அந்த இருப்புப் பதிவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நியாயமான ஹோட்டல் இதற்காக வாதம் செய்யாது. அடுத்த முறை மருந்துக்கு இடம் வேண்டுமென்றால், அறைக்குள் போனதுமே ஃபோன் செய்து மினிபாரைக் காலி செய்து தரச் சொல்லுங்கள். மருந்து வைக்கத் தனி ஃபிரிட்ஜ் கேட்டாலும் பல இடங்களில் தருவார்கள்.

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. விடியற்காலையில் கிளம்ப வேண்டியிருந்ததால், இரவே கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போயிருந்த பில்லைப் படிக்காமலே சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். வண்டியில் உட்கார்ந்து பார்த்தால், இரண்டு சட்டை, ஒரு கோட்டுக்குச் சலவைக் கட்டணம். நான் கொண்டுபோனது ஒரு கைப்பை, அதில் கோட்டே கிடையாது. பக்கத்து அறையின் சலவை என் கணக்கில் ஏறியிருந்தது. திரும்பப் பெற மூன்று மின்னஞ்சல் தேவைப்பட்டது. கவுன்ட்டரில் நின்றபடி விரலை வைத்து வரிவரியாகப் படித்திருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

கேள்வி: வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆடம்பர ஹோட்டல் தேடுகிறேன். முன்பதிவுத் தளத்தில் ஹோட்டலின் சொந்தப் பக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டுகிறது. எதில் எடுப்பது?

பதில்: முதலில் இரண்டும் ஒரே பொருள்தானா என்று பாருங்கள். குறைந்த விலை பெரும்பாலும் ரத்து செய்தால் பணம் திரும்பாத விலையாக இருக்கும், அல்லது காலை உணவு சேராததாக இருக்கும். வரி, சேவைக் கட்டணம், ‘வசதிக் கட்டணம்’ என்று கடைசிப் பக்கத்தில் வந்து ஒட்டுபவற்றையும் சேர்த்த மொத்தத்தைத்தான் ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் 2025 மே மாதத்திலிருந்து, கட்டாயக் கட்டணங்களையும் சேர்த்த விலையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை.

சரி, எல்லாம் சமமாக இருந்தும் தளத்தில் குறைவு என்றால், ஹோட்டலுக்கே ஃபோன் செய்து அந்த விலைக்குத் தர முடியுமா என்று கேளுங்கள். தளத்துக்குக் கொடுக்கும் கமிஷன் அவர்களுக்கு மிச்சம் என்பதால் பல ஹோட்டல்கள் சம்மதிக்கும். நான் நேரடிப் பதிவின் பக்கம்தான். தேதியை மாற்ற வேண்டி வந்தால், ‘தளத்தைக் கேளுங்கள்’, ‘ஹோட்டலைக் கேளுங்கள்’ என்று இருவருக்கும் நடுவே பந்தாக உருளும் அவஸ்தை இல்லை. உறுப்பினர் புள்ளிகளும் பொதுவாக நேரடிப் பதிவுக்குத்தான் கிடைக்கும்.

அப்புறம், கிளம்பும்போது கார்டு இயந்திரம் ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?’ என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லி, அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் நாட்டுப் பணம் என்றால் மாற்று விகிதத்தில் அவர்களுடைய லாபமும் சேர்ந்துவிடும்.

கேள்வி: ‘ஏழு நட்சத்திர ஹோட்டல்’ என்று விளம்பரம் பார்த்தேன். உண்மையிலேயே அப்படி ஒரு தரம் இருக்கிறதா?

பதில்: கிடையாது. துபாயில் 1999இல் திறந்த புர்ஜ் அல் அராப் பற்றிப் பத்திரிகைகள் எழுதியதில்தான் அந்தப் பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஹோட்டலின் அதிகாரபூர்வத் தரமே ஐந்துதான். உலகம் முழுவதற்கும் பொதுவான நட்சத்திர அளவுகோல் என்றும் ஒன்றில்லை. ஒரு நாட்டின் ஐந்தும் இன்னொரு நாட்டின் ஐந்தும் வெவ்வேறு. நட்சத்திரத்தை எண்ணுவதைவிட, ஹோட்டல் கடைசியாக எந்த ஆண்டு புதுப்பிக்கப்பட்டது, உங்கள் அறை எத்தனை சதுர மீட்டர், ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.