மலையேறும் சைக்கிளுக்கு ஹப் கியர் வாங்கலாமா?

கேள்வி: கூடாரம், சமையல் சாமான் எல்லாம் கட்டிக்கொண்டு ஆழியாறு, வால்பாறை, மூணாறு என்று சைக்கிளில் நீண்ட பயணம் போக ஆசை. இப்போதுள்ள டிரெய்லியர் கியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு வெளியிலிருந்து தள்ளும் வகை) மழையிலும் சேற்றிலும் தகராறு செய்கிறது. பின்சக்கர ஹப்புக்குள்ளேயே கியர் இருக்கும் ஷிமானோ ஆல்ஃபைன் 8 வாங்கலாமா, பணம் சேர்த்து அதே வகையில் விலை கூடிய ரோலாஃப் வாங்கலாமா?
- வாசகர், கோவை

பதில்: இந்தப் பாதைக்கு ஆல்ஃபைன் 8 வேண்டாம். சமவெளிக்கும் ஊருக்குள் ஓட்டவும் அருமையான ஹப், நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏற அது போதாது.

கியர் எத்தனை என்று எண்ணாதீர்கள். ஆகக் கனமான கியர் ஆக லேசான கியரைப் போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். ஆல்ஃபைன் 8-இல் அது 307 சதவீதம், ரோலாஃபின் 14 கியரில் 526. சாலையில் இதற்கு என்ன அர்த்தம்? 700 அளவுச் சக்கரத்தில் ஆல்ஃபைனுக்கு முன்னே பெடல் பக்கப் பல்சக்கரத்தில் 40 பல், பின்னே ஹப்பில் 20 பல் போட்டால், முதல் கியரில் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 2.3 மீட்டர் போகும். ரோலாஃபில் 38-க்கு 16 போட்டால் சுமார் 1.4 மீட்டர்தான். செங்குத்தான வளைவில் இருபது கிலோ சுமையோடு மிதிக்கும்போது, ஏறிப் போவதா இறங்கித் தள்ளுவதா என்பதை இந்த வித்தியாசம்தான் முடிவு செய்யும்.

முன்பல்லைச் சிறிதாக்கிச் சமாளிக்கலாமே என்று தோன்றும். ஓரளவுதான் முடியும். முன்பல் சிறுக்கச் சிறுக்க ஹப்புக்குள் போகும் முறுக்குவிசை கூடும், அதனால் தயாரிப்பாளரே ஒரு வரம்பு வைத்திருக்கிறார். 11 கியர் உள்ள ஆல்ஃபைன் 11 வாங்கினாலும் பயனில்லை: ஆல்ஃபைன் 8-ஐப் போலவே அதன் முதல் கியர் விகிதமும் 0.527தான், அதாவது பின்பல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் 0.527 சுற்று. கூடுதலாகக் கிடைப்பது வேகப் பக்கம்.

ரோலாஃபில் எனக்கு ரொம்பப் பிடித்தது, கியர் நிற்கும் இடங்கள் ஹப்புக்குள்ளேயே இருப்பது. கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலும் கியர் பிசகாது. வெளிப்புறக் கியர் பெட்டி உள்ள வகையில் கேபிள் அறுந்தே போனாலும், 8 மி.மீ. ஸ்பேனரால் திருப்பி ஒரு கியரில் வைத்து ஊர் போய்ச் சேரலாம். 5,000 கிலோமீட்டருக்கு அல்லது வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும்.

ஆனால் பணம் சேர்க்கும் முன் உங்கள் ஃப்ரேமைப் பாருங்கள். பின் அச்சு உட்காரும் பிளவு நேர்கீழாக இருந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்க வழியில்லை. தனியாக டென்ஷனர் மாட்ட வேண்டும், சேற்றில் சிக்க அங்கே இன்னொரு குட்டிச் சக்கரம் வந்துவிடும். ஹப் மட்டுமே ஆயிரம் யூரோவுக்கு மேல். அப்புறம் இறக்குமதி வரி, புது ரிம், ஸ்போக், சக்கரம் கட்டும் கூலி.

அதனால் இப்போதைக்கு நான் சொல்வது: இருக்கிற டிரெய்லியரையே சரி செய்யுங்கள். கியர் தகராறுக்குப் பல நேரம் காரணம் வளைந்த ஹேங்கரும் (டிரெய்லியரை ஃப்ரேமில் தாங்கும் சிறு உலோகத் துண்டு) துருப்பிடித்த கேபிளும்தான். இரண்டையும் மாற்றி, உங்கள் கிராங்கும் டிரெய்லியரும் ஏற்குமானால் முன்னே 22 பல், பின்னே 36 பல் கிடைக்கும்படி செய்யுங்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் 1.3 மீட்டர்: ரோலாஃப் கணக்கைவிட லேசு, செலவோ அதில் சிறு பங்கு. உதிரி ஹேங்கர் ஒன்று பையில் இருக்கட்டும், அது எல்லாக் கடையிலும் கிடைக்காது.

வருடக்கணக்கில் இப்படியே சுற்றப் போகிறீர்கள் என்றால், ரோலாஃபுக்கென்றே பிளவு அமைந்த ஃப்ரேமோடு சேர்த்து வாங்குங்கள்.